திருத்தணிக்குக் கொடுக்காத முடி

விமலா இறந்த செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் அவளுடைய மறைந்த கணவரின் அண்ணன் தணிகாசலம். "ஹார்ட் அட்டாக்குங்க மேடம். காலைல பொசுக்குனு போயிட்டாங்க" என்றார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, விழுங்க முடியாமல் துப்பிய கஞ்சியைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது இந்த மனிதரும் அந்த அறையில்தான் நின்றார். சாவு வீட்டில் ஒருவரைப் பொய்யர் என்று அழைக்கக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட நாகரிகம். அதனால் அன்று பேசாமல் இருந்தேன். அப்படி அழைப்பதை இப்போது எழுத்தில் செய்கிறேன்.

அன்று மாலைக்குள் பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில் பேனர் கட்டிவிட்டார்கள். அதிலும் மாரடைப்புதான். படம் எந்தக் காலத்தையதோ, தோளில் வழியும் பின்னலும் கதம்பமுமாக. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் அவளோடு வந்துபோன உங்களில் பலர் அந்தப் பேனரைப் பார்த்திருப்பீர்கள், நம்பியும் இருப்பீர்கள். நம்ப வேண்டாம். விமலாவுக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று ஆண்டுகள் அதோடு வாழ்ந்தாள். அந்தப் பெயரைச் சொல்ல அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

நான் பொது மேலாளரின் செயலாளர், அவள் கொள்முதல் பிரிவு. அவளுடைய 'இன்னா மேடம்' எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். "உங்க கான்வென்ட்ல 'என்ன'ன்னு சொன்னா மட்டும் சரக்கு நல்லா வந்துடுமா?" என்று கேட்டாள். அவளை நான் மதிக்கத் தொடங்கியது ஒரு வார்ப்படச் சப்ளையரின் லாரி வந்த நாளில். இரும்பு வார்ப்பில் விரிசல் விழுந்தால் சிலர் பட்டி பூசி, மேலே சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். விமலா கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, பளபளவென்றிருந்த ஒரு துண்டைச் சுரண்டினாள். உள்ளே தலைமுடி போல ஒரு கோடு. "பெயிண்ட அடிச்சிக்கினு வந்தா விரிசல் போயிடுமா சார்? மெஷின்ல போட்டா வெடிக்கும். எங்க பசங்க கை போகும். நீங்க எட்த்துக்கினு போங்க" என்றாள். லாரி திரும்பிப் போயிற்று. அந்தச் சப்ளையரின் ஆள் அன்று என் அறைக்கும் வந்து சிபாரிசு கேட்டான். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்கு மார்பில் கட்டி தெரிந்தது. வலியில்லாத கட்டி, தானாகக் கரையும் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டாள். பரிசோதனை முடிவு வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கும் இதேதான்டி" என்றாராம். விமலாவின் தாயார் வயிற்றுக் கட்டியால் இறந்ததாகத்தான் நாற்பது ஆண்டுகளாக வீட்டில் பேச்சு. "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கட்டியத் தொட்ட அன்னிக்கே ஓடியிருப்பேன் மேடம். என் குடும்பமே என் மேல பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்குது" என்றாள். அந்தச் சித்தியை நான் பிறகு ஒரு திருமணத்தில் பார்த்தேன். வணக்கம் சொன்னார். நான் திருப்பிச் சொல்லவில்லை.

நாற்பது ஆண்டுப் பொய்யின் விலை கண்ணெதிரே கட்டிலில் கிடக்க, தணிகாசலம் அடுத்த பொய்யைத் தயார் செய்தார். விமலாவுக்கு அல்சர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். காரணம், அவள் மகள் கவிதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வியாதி இருக்கிற ஊட்ல யாருங்க பொண்ணு எடுப்பாங்க?" என்று என்னிடமே கேட்டார். முதல் மாதங்களில் மறுத்துப் பேச விமலாவுக்குத் தெம்பில்லை. கீமோவில் குடலைப் புரட்டிக் கிடந்தவளுக்கு அல்சர் வைத்தியம் வந்து குவிந்தது. மணத்தக்காளிக் கீரை, வாழைப்பூச் சாறு, மோரில் ஊறிய வெந்தயம். உண்மை தெரிந்த சிலர் இன்னும் மேல். பழைய அலுவலகத் தோழி ஒருத்தி வந்து, "உனக்கு வெத்தல பாக்கு பழக்கம்கூடக் கெடயாதே, உனக்கு எப்படிடி வந்துச்சு?" என்று கேட்டாள். "நான் அட்ரஸ் குடுக்கலடி. அதுவே விசாரிச்சிக்கினு வந்துட்ச்சு" என்றாள் விமலா. அந்தத் தோழி இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

பெண் பார்க்க வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளையைக் கவிதாவுக்குப் பிடித்திருந்தது. அது அவள் தட்டு கொண்டுவந்த விதத்திலேயே தெரிந்தது. முடி கொட்டிய தலையோடு விமலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போடச் சொல்லியும் போடவில்லை. பையனின் தாயார் அந்தத் தலையைப் பார்த்துக் கைகூப்பி, "திருத்தணியாங்க, திருப்பதியாங்க?" என்று கேட்டார். தணிகாசலம் முந்திக்கொண்டு, "திருத்தணிதாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டுதல்" என்றார். பக்தி மிகுந்த குடும்பம் என்று அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சி. விமலா எல்லோரும் காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"முருகனுக்கு நான் முடி குடுக்கலங்க. எனக்கு மார்புல கேன்சர். மருந்துல கொட்டிடுச்சு. எங்கம்மாவுக்கும் இருந்துது. என் பொண்ணு நல்லா இருக்கா. ஆனா அவ வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டிக்கணும். அதுக்குக் கூட்டிக்கினு போற ஊடா பாத்துதான் குடுப்பேன்."

வந்தவர்கள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று சொல்லி எழுந்தார்கள். பையன் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் அவனிடம் முதுகெலும்பு இல்லை.

அன்றிலிருந்து கவிதா தாயோடு பேசவில்லை. மாத்திரை கொடுப்பாள், புடவை மாற்றுவாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒரே ஒருமுறை, "உனக்கு நீ உண்மைய சொன்னேன்னு பேரு வேணும். எனக்கு வாழ்க்கை வேணாமா?" என்றாள். டாக்டரிடம் போகச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். சாவைப் பற்றி விமலா என்னிடம் கவலைப்பட்டதே கிடையாது. "அவ ஒரு தபா போய்க் காட்டிக்கினா போதும் மேடம். எங்கிட்ட பேசலன்னா கூட பரவால்ல" என்பாள். அதைப் பார்க்காமலே போனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தியில் இலை போட்டிருந்தார்கள். தணிகாசலம் ஒவ்வொரு வரிசையாக வந்து, அந்த மாரடைப்பு எப்படி நெஞ்சைப் பிடித்தது என்று நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். சாம்பார் வாளியோடு வந்த கவிதா நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"பெரிப்பா, போதும். அம்மாவுக்குக் கேன்சர். அம்மம்மாவுக்கும் கேன்சர். சுமதி, ரேகா, நீங்களும் அம்மம்மா வழிப் பொண்ணுங்கதான், உங்களுக்கும்தான் சொல்றேன். சித்தப்பா சொன்னாரு, பெரிப்பா சொன்னாருன்னு ஊட்ல குந்திக்கினு இருக்காதீங்க. போய்க் காட்டிக்கங்க."

"செத்த ஊட்ல இன்னாம்மா பேச்சு இது?" என்றார் தணிகாசலம். நான் எனக்குக் கற்பிக்கப்பட்ட நாகரிகத்தை அந்த இலையிலேயே வைத்து மூடிவிட்டு, "உங்கள் பேச்சை விட நல்ல பேச்சு" என்றேன்.

அடுத்த வாரம் கவிதாவோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அந்த இளம் டாக்டர் கேட்டார். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கவிதா பதில் சொன்னாள். "அம்மாவுக்கு. அம்மாவோட அம்மாவுக்கு. ரெண்டு பேருக்கும் மார்புல." டாக்டர் சோதித்துவிட்டு, இப்போது ஒன்றும் இல்லை என்றார். வருடந்தோறும் வரச் சொன்னார், வேறென்ன சோதனை தேவைப்படும் என்றும் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் கவிதா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் தடுக்கவில்லை. தாயோடு பேசாத அத்தனை நாள் பேச்சும் பாக்கி இருந்தது.

விமலாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவளுடைய சுரண்டும் பழக்கம். யாராவது ஒரு பெண் இறந்துவிட்டாள் என்றால், எதனால் என்று கேட்கிறேன். உடம்பு சரியில்லாமல் என்றால், உடம்பில் எங்கே என்று மறுபடியும் கேட்கிறேன். கிழவிக்கு நாகரிகம் போய்விட்டது என்று முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.