செருப்பு போடாத சோலைமலை

சோலைமலை என்ற பெயரைக் குருவம்மாள் முதன்முதலில் கேட்டது சாத்தூரில், சின்னம்மாவின் கொழுந்தன் வீட்டுச் சடங்கில். பந்தியில் யாரோ, "ஆமத்தூர் சோலைமலை கபடியில எறங்குனா, அம்புட்டுப் பேரையும் இழுத்துக்கிட்டே கோட்டைத் தொட்டுருவான்லே" என்றார்கள். அந்த ஆளுக்கே வாக்கப்படப் போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை அவருக்கு. ஒரு சித்திரை வெயிலில் அறை வெடித்தது. உயிர் மிஞ்சியது, கண் இரண்டும் போயின. வந்த சொந்தபந்தமெல்லாம், "நீங்க ஒக்காருங்கண்ணே, நாங்க இருக்கோம்ல" என்றது. உட்கார்ந்தார். உட்கார்ந்தே வருசங்கள் போயின. உடம்பு ஊதிச் சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

விருதுநகரிலிருந்து பார்வையில்லாதவர்களைத் தேடி வந்து கோல் பிடித்து நடக்கப் பழக்குகிற கற்பகவல்லிதான் அவரை எழுப்பினாள்.

"கண்ணுதானண்ணே போச்சு, நடங்க."

"எவன் மேலயாச்சும் முட்டுனா, காலையிலயே ஏத்திட்டு வாரான்னு சொல்லுவாக தாயி."

"சொல்லிட்டுப் போறாக. குடிக்காத ஆளுக்கு அந்தப் பேராவது கெடைக்கட்டும்."

குருவம்மாள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கோல் பிடிக்கப் பழகினார். தினமும் காலையில் கண்மாய்க்கரை வரை தனியாகப் போய் வந்தார். வயிறு வற்றியது, தூக்கம் வந்தது. குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிற அளவுக்கு மனுசன் தேறிவிட்டார்.

செருப்பு மட்டும் போடமாட்டார். மருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. உரசிப் பொறி பறந்தால் அறையே இருக்காது. அந்தப் பழக்கம் உடம்போடு ஊறிக் கிடந்தது.

"சர்க்கரைக் காலு, போட்டுட்டுப் போங்க" என்றாள் குருவம்மாள்.

"மண்ணு எது, தாரு எதுன்னு உள்ளங்காலுதாண்டி சொல்லுது. செருப்பப் போட்டா ரெண்டாந்தடவ குருடாயிருவேன்."

அவளும் கம்பெனியில் வெறுங்காலோடு வேலை பார்க்கிறவள்தான். அதனால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. விட்டுவிட்டாள்.

அந்த உள்ளங்கால் சர்க்கரையால் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டிருந்ததை இருவருமே அறியவில்லை. தீபாவளிச் சீசன் வந்தது. குருவம்மாள் விடியுமுன் கம்பெனிக்குப் போய் இருட்டித்தான் திரும்பினாள். அவர் காலில் வேலிக்கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்து சீழ் வைத்திருக்கிறது. வலிக்கவில்லை, அவர் நடந்துகொண்டேயிருந்தார். நாற்றம் எடுத்த பிறகுதான் குருவம்மாள் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கற்பகவல்லி வந்து அழுதாள். "அழுவாத தாயி. இனிமே இவகூடச் செருப்புச் சண்டையும் பாதிதான்" என்றார் சோலைமலை. குருவம்மாளால் அங்கே நிற்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோல் பிடிக்கவே பயப்படுகிறார் இப்போது. யார் கூப்பிட்டாலும் வாசலுக்கு வருவதில்லை. சோலைமலை ஆமத்தூர் வீட்டுக்குள்தான் இருக்கிறார். புண் இன்னும் ஆறவில்லை.