முப்பத்தெட்டு நிமிடப் பாடவேளையும் யோசெப்பினின் மூன்று சட்டிகளும்

1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்த ஆண்கள் கல்லூரி ஒன்றின் வாயிலில், கணித ஆசிரியர் இரத்தினசிங்கம் அப்பக்காரி யோசெப்பினை முதன்முதலாகச் சந்தித்தார். நேரம் இவ்வளவு திட்டமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த வேளையில் அவர் ஒரு கையிற் கடிகாரத்தையும் மறு கையிற் பிந்தி வருவோர் பதிவேட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜம்பட்டா வீதியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் யோசெப்பினின் அப்பம் வந்துகொண்டிருந்தது. காலையில் ஆறு அப்பமும் ஒரு பாலப்பமும் உண்ணாமல் அவர் படி இறங்கியதில்லை. ஆயினும் அப்பத்தைக் கொண்டுவருபவள் யோசெப்பினின் மச்சாள் பிலோமினா ஆதலால், அதைச் சுடுகின்ற பெண்ணை அவர் கண்டதுமில்லை. காண வேண்டுமென்று நினைத்ததுமில்லை.

அந்தக் கல்லூரி அதுவரை எல்லாக் கல்லூரிகளையும் போலவே நடந்தது. காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை படிப்பு. பின் வீட்டுக்குப் போய்ச் சோறு. ஒன்றரை முதல் மூன்றே முக்கால் வரை மறுபடி படிப்பு. பிற்பகற் பாடவேளைகளில் மாணவர் உறங்கினர். ஆசிரியர்களும் உறங்கினர் என்று மாணவர் கூறினர். ஆகவே அதிபர் ஒஸ்வால்ட், நாளை ஒரே பகுதியாக்கி, காலை ஏழரைக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு முடிப்பதென்று தீர்மானித்தார். நேரசூசி வரையும் பொறுப்பு இரத்தினசிங்கத்திடம் வந்தது. அவர் மூன்று மாதம் உழைத்தார். கிராண்ட்பாஸ் டிராம் வரும் நேரம், சாந்த லூசியா கோயிற் பூசை முடியும் நேரம், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, மாரியம்மன் கோயில் திருவிழா, புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞராயிருந்த தகப்பன்மார் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் ஆகிய அனைத்தையும் கணக்கிற் சேர்த்து, நாலடி அகலமான காகிதத்தில் நாலு நிற மையால் எழுதி முடித்தார். அதில் ஒரு புள்ளியைக் கூட அசைக்க முடியாதென்று அவர் நம்பினார்.

முதல் நாளாகிய திங்கட்கிழமை, ஐம்பத்தெட்டு மாணவரும் ஏழு ஆசிரியரும் பிந்தி வந்தனர். மறுநாளும் அப்படியே. அந்த மறுநாட் காலையிலேதான், மாப்படிந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாயிலுக்கு வந்தாள்.

"இங்க டைம்டேபிள் போட்ட மாஸ்டர் யாரு?"

"நான்தான். உமக்கு என்ன வேணும்?"

"என்ட பதினொரு வீடு வேணும்."

"பதினொரு வீடோ?"

"நேத்து அஞ்சு, இண்டைக்கு ஆறு. எல்லாம் அப்பத்த விட்டுப் பேக்கரிப் பாணுக்குப் போயிட்டாங்க. நீங்க ஏழரைக்கு மணியடிச்சா பிள்ளைங்க ஏழு மணிக்கே சாப்பிடணும். என்ட கடைசி வீட்டுக்கு அப்பம் போறது ஏழே முக்காலுக்கு. இப்பிடியே போனா இந்த மாசம் முடியக்குள்ள நாப்பத்திரண்டு வீடும் பாணுக்குப் போயிடும். பொறகு நான் சட்டியத் தலையில கவுத்துக்கிட்டு நிக்கிறதா?"

இரத்தினசிங்கம் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தபோது, புவியியல் ஆசிரியர் மர்ஸூக் குடையை மடக்கியபடி அவசரமின்றி வந்து சேர்ந்தார்.

"என்ட பேரையும் எழுதிக்கொள்ளுங்க, இரத்தினசிங்கம். காரணம் எண்ட இடத்தில அப்பம் எண்டு போடுங்க."

"நீங்களுமோ, மர்ஸூக்?"

"நான் இவங்கட இருபத்தொன்பதாவது வீடு. சூரியனக் கணக்கெடுத்தீங்க, டிராமக் கணக்கெடுத்தீங்க, அப்பத்த மட்டும் மறந்து பெய்த்தீங்க. நீங்க மட்டும் எப்பிடி நேரத்துக்கு வந்தீங்க?"

"நான் நாலாவது வீடு" என்று இரத்தினசிங்கம் சற்றுத் தணிந்த குரலிற் சொன்னார். பின்னர் கணித ஆசிரியருக்குரிய மிடுக்கோடு யோசெப்பினைப் பார்த்து, "எத்தனை சட்டி வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார்.

"மூணு."

"நாலாக்கும். வேலை காற்பங்கு குறையும்."

யோசெப்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு அஞ்சரைக்கு என்ட குசினிக்கு வாங்க மாஸ்டர். நாலாவது சட்டி நான் இரவல் வாங்கி வைக்கிறேன். கைய நீங்க கொண்டாங்க."

யோசெப்பின் புதுச்செட்டித்தெருவின் பின்புறச் சந்தொன்றிற் பிறந்தவள். கணவர் சவேரிமுத்து துறைமுகத்தில் பாரந்தூக்கும் விஞ்சு ஓட்டினார். பிறகு ரங்கூன் கப்பலொன்றிற் சமையலாளாக ஏறிப் போய், இரண்டு கடிதத்தோடு நின்றுவிட்டார். மூன்றாவது கடிதத்துக்காக ஓராண்டு காத்திருந்த யோசெப்பின், இரண்டாவது ஆண்டு ஒரு சட்டியும் ஏழு வீடுமாகத் தொழில் தொடங்கினாள். பதினாலு ஆண்டில் ஏழு வீடு நாற்பத்திரண்டாயிற்று. எழுத்து வாசனை அவளுக்கில்லை. எந்த வீட்டுக்கு எத்தனை, எங்கே கரை முறுக வேண்டும், எந்த வீட்டுச் சம்பலிற் காரத்துக்குக் கொச்சிக்காய் கூட வேண்டும், எந்த வீட்டில் விருந்தாள் நிற்கிறார் என்பனவெல்லாம் அவளுடைய தலைக்குள் வீட்டு வரிசைப்படியே இருந்தன.

புதன்கிழமை இரத்தினசிங்கம் குறிப்புப் புத்தகமும் கடிகாரமுமாகக் குசினிக்குட் புகுந்தார். மூன்று அடுப்பிலும் சட்டிகள் இருந்தன. யோசெப்பின் மூன்றிலும் மாவை விட்டுச் சுழற்றி, மூடி, 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தொடங்கினாள். செபம் நாலுமுறை முடிந்ததும் மூன்று மூடியையும் திறந்து மூன்று அப்பத்தையும் எடுத்தாள். மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தன. மாவு விடுவதும் எடுப்பதும் சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். இருபது சுற்றை அளந்தார். எல்லாம் இரண்டே நிமிடம்.

"இது கொஞ்சம் கெதியாய்ச் சொல்லக்கூடிய செபம் போல இருக்கே" என்றார் மெல்ல.

"மாதாவ ஓடச் சொல்றீங்களா மாஸ்டர்?"

இரத்தினசிங்கம் நாலாவது சட்டியைப் பொறுப்பேற்றார். செபம் தெரியாத சைவராகையால், பதினாறாம் வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லி மூடியைத் திறந்தார். நடுவில் மாவு குளமாகக் கிடந்தது. அடுத்ததற்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை இரண்டுமுறை சொன்னார். அப்பம் சட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏழாவது அப்பத்தைச் சுரண்ட யோசெப்பின் உதவிக்கு வந்தபோது அவளுடைய மூன்று சட்டிகளும் கவனிப்பாரின்றிக் கருகத் தொடங்கவே, அவள் அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சட்டிய எத்தனையும் வைக்கலாம். ஆனா கை ரெண்டுதானே."

"அப்ப மூண்டு மணிக்குத் தொடங்கிறதை ரெண்டு மணிக்குத் தொடங்கலாந்தானே?"

"மா பொங்கணுமே. கள்ளுக்காரன் வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாயிடும். அதுக்குப் பொறகு கள்ள விட்டுக் கரைச்சு வெச்சா, மூணு மணிக்கு முந்தி பொங்காது."

இரத்தினசிங்கத்தின் பென்சில் நின்றது. கொட்டாஞ்சேனை மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் அவர்.

"கள்ளோ? அப்பத்துக்குள்ளையோ?"

"பின்ன எப்பிடி மாஸ்டர் பொங்குது? நீங்க நல்லாச் சாப்பிடுறீங்க எண்டு பிலோமினா சொல்லுவாளே."

ஆறு ஆண்டு, நாளைக்கு ஏழு வீதம் என்ற பெருக்கல் தானாகவே அவர் மனத்தில் ஓடிற்று. விடை பதினையாயிரத்தைத் தாண்டியபோது அதை அப்படியே விட்டுவிட்டு, வேறு கணக்கைக் காகிதத்தில் எழுதினார். நானூற்றிருபது அப்பம்; சுற்றுக்கு மூன்று; நூற்றுநாற்பது சுற்று; இருநூற்றெண்பது நிமிடம். மூன்று மணிக்குத் தொடங்கினால் ஏழு நாற்பது. கடைசி வீட்டுக்குப் போக ஐந்து நிமிடம், பையன் உண்ணப் பத்து நிமிடம், கல்லூரிக்கு நடக்கப் பதினைந்து நிமிடம்: எட்டுப் பத்து. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எட்டுப் பத்துக்கு முன் அந்தக் கல்லூரியில் மணியடிக்க முடியாது.

"இதை அதிபரிட்டை நீங்கள்தான் வந்து சொல்லவேணும்" என்றார். "நான் சொன்னால், என்ரை பிழையை மறைக்கக் கதை கட்டுறன் எண்டு நினைப்பார்."

"எத்தன மணிக்கு?"

"அவர் ஆக்களைச் சந்திக்கிறது ஆறே முக்காலுக்கு."

யோசெப்பின் அடுப்பைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் எழுந்து போனால், பிலோமினா சட்டிக்கு வரவேண்டும்; பிலோமினாவின் கூடை நின்றுபோகும்; எஞ்சிய முப்பத்தொரு வீட்டில் இன்னும் சில கைதவறலாம்.

"வாறேன். ஆனா சும்மா இல்ல. என்ட ஒரு காலைய உங்களுக்குத் தாறேன். நீங்க ஒரு காலை என்ட அடுப்பில நிக்கணும். நான் கூப்பிடுற நாள்ல, மூணு மணியிலயிருந்து."

"ஓம்" என்றார் இரத்தினசிங்கம். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அதிபர் ஒஸ்வால்ட் அவர்களை நிற்கவைத்தே கேட்டார். அவர் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பவர்.

"பெடியள் வேளைக்கு எழும்பினால் என்ன?"

"எழும்பலாம் ஐயா. எழும்பி என்னத்தச் சாப்பிடுறது?"

"அப்பத்தாலைதான் பிந்துது எண்டதற்கு என்ன சாட்சி?"

யோசெப்பின் மேசையிலிருந்த பதிவேட்டைக் காட்டினாள். "அதில யார் யார் பேர் இருக்கு எண்டு எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்றேன், நீங்க பாருங்க. பிலோமினா முதல் நடையில குடுக்கிற இருபத்திமூணு வீட்டுப் பிள்ளை ஒண்டும் அதில இருக்காது. மத்த வீட்டுக்கெல்லாம் ரெண்டாம் நடை, ஏழு மணிக்குப் பொறகுதான். இருபத்திநாலாவது வீடு, மேபீல்ட் வீதி முடுக்கு, ரெண்டு பேரு, சீனி தொட்டுச் சாப்பிடுறவங்க. இருபத்தஞ்சு, கம்பி கேற்று வீடு, கண்ணாடி போட்ட பொடியன். இருபத்தாறு, மூணு பேரு, ஒருத்தன் கரைய மட்டும் திம்பான். இருபத்தேழு திங்கக்கிழமையே பாணுக்குப் போயிட்டாங்க, அந்தப் பிள்ளைட பேர் திங்கக்கிழமை இருக்கும், செவ்வாக்கிழமை இருக்காது."

அதிபர் விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். சீனி தொடுபவர் யார் என்பதை இரத்தினசிங்கம் முகவரிப் புத்தகத்தைப் பார்த்துப் பெயராக்கிக் கொடுத்தார். முப்பத்திரண்டாம் வீடுவரை ஒரு பிழையும் இல்லை. இருபத்தொன்பதாம் வீட்டில் மட்டும் அதிபரின் விரல் நின்றது.

"இந்த வீட்டிலை மாணவன் இல்லையே?"

"அது எங்கட மர்ஸூக் மாஸ்டர் ஐயா. எட்டு அப்பம்."

அதிபர் பதிவேட்டை மூடினார். "இரத்தினசிங்கம், உம்முடைய நேரசூசியில் இந்த ஒழுங்கு இருந்திருக்கவேணும்" என்றார். அவர் கோபித்ததாகவும் கொள்ளலாம், இசைந்ததாகவும் கொள்ளலாம். இரத்தினசிங்கம் இசைந்ததாகவே கொண்டார்.

ஜூன் பதினாலாந் திகதி முதல் கல்லூரி எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்தது. எட்டுப் பாடவேளைகளையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றும் முப்பத்தெட்டு நிமிடமாயிற்று; இடைவேளை பதினாறு நிமிடம். அவ்வாண்டு வந்த கல்விப் பரிசோதகர் இந்த எண்களைக் கண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விளக்கம் கேட்டார். "உள்ளூர் நிலைமைகள்" என்று இரத்தினசிங்கம் பதிலளித்தார். பரிசோதகர் அதை அப்படியே அறிக்கையில் எழுதிப் பாராட்டினார்.

முதல் வாரத்தில் ஒன்பது வீடு யோசெப்பினிடம் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் மாத முடிவில் வந்தன. அவற்றில் ஒன்று, பாண் தின்று வயிறு பொருமியதாகச் சொல்லி, இரண்டு அப்பம் கூட்டிக் கேட்டது.

இரத்தினசிங்கம் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டு, சாதாரண உறுப்பினரானார். அப்பத்தை விடவில்லை.

ஒரு காலை அடுப்பில் நிற்பதாக அவர் பட்ட கடன் மட்டும் அப்படியே நின்றது. அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், கிறிஸ்து பிறந்த நத்தார்க் கிழமை, கலியாண மாதம் எனக் கொச்சிக்கடையிலிருந்தும் ஆளனுப்பி அப்பம் கேட்கும் நாட்களில், இன்று கூப்பிடுவாள் என்று எண்ணி அவர் முந்திய மாலையே சட்டைக் கையை மடித்துப் பார்ப்பார். விடிந்ததும் பிலோமினா வழமைபோல ஆறு அப்பத்தையும் ஒரு பாலப்பத்தையும் வைத்துவிட்டுப் போவாள். "யோசெப்பின் ஏதும் சொல்லிவிட்டவவோ?" என்று கேட்பார். "சம்பல் அளவு காணுமா எண்டு கேட்டா" என்பாள் பிலோமினா.

ஒன்பது ஆண்டு இப்படிப் போயிற்று. 1947இல் யோசெப்பினுக்கு முழங்கால் மடங்காமற் போகவே, சட்டிகளைப் பிலோமினாவிடம் ஒப்படைத்துவிட்டு, நீர்கொழும்பிலிருந்த தங்கையிடம் போகப் புறப்பட்டாள். செய்தி கேட்டு இரத்தினசிங்கம் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தார். யோசெப்பின் ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஒரு காலை இன்னும் கிடக்குது" என்றார். "நீங்கள் ஒருநாளும் கூப்பிடேல்லை."

"கூப்பிட்டிருப்பேன் மாஸ்டர். நீங்க சுடுற அப்பத்த எந்த வீட்டுக்குக் குடுக்கிறதெண்டுதான் விளங்கல்ல."

பஸ் வந்தது. மூட்டையை அவர் தூக்கிக் கொடுத்தார். நீர்கொழும்பிலிருந்து அவள் இரண்டொருமுறை பிலோமினாவுக்கு ஆள்மூலம் கருவாடு அனுப்பினாள். மாஸ்டருக்கும் ஒரு பங்கு கொடுக்கச் சொன்னாளாம். சைவரென்று தெரிந்தே அனுப்பினாள் என்று மர்ஸூக் சிரித்தார். அந்த ஒரு காலையை மட்டும் அவள் கடைசிவரை கேட்கவில்லை.