ஏறியிருக்கு

குழந்தைகள் நல மையத்தில் எடை போடும் பெண்மணியைத் தாய்மார்கள் தராசக்கா என்றுதான் அழைத்தார்கள். மாதத்தின் முதல் செவ்வாய் எடை நாள். தொங்கு தராசின் துணித்தொட்டிலில் பிள்ளையை உட்காரவைப்பார். முள் நின்றதும் "ஏறியிருக்கு" என்று ராகம் போடுவார். பக்கத்து மேசையில் நான் எழுதிக்கொள்வேன்.

"எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவ ஏத்திப் பாருங்கக்கா. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறாரு."

"தராசு அறுந்தா நீயா வாங்கித் தருவ?"

ஆலைகள் மூடிய ஆண்டில் மேலிடத்து உத்தரவு வந்தது. நிதி பாதியாகிவிட்டதாம். பிள்ளையின் எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இனிச் சத்துமாவு. கோட்டைத் தாண்டினால் நிறுத்தம். அந்த மாவைத் தின்றுதான் தாண்டினார்கள் என்பதற்கு உத்தரவில் இடமில்லை.

அடுத்த எடை நாளில் கூடத்தில் சிரிப்பில்லை. மேற்பார்வையாளர் தராசுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சித்தாள் வேலை பார்க்கும் ஒருத்தி தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் தலை தொங்கியது, உதடு காய்ந்திருந்தது.

"காய்ச்சலா?" என்றார் தராசக்கா.

"இல்லக்கா. சீக்கிரம் போட்டுடுங்க."

அவர் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எப்பச் சாப்பிட்டா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நேத்து மத்தியானம். தண்ணிகூடக் குடுக்கல."

தராசக்கா ஒரு சத்துமாவுப் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் கரைத்தார். சித்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட போட்டுட்டுக் குடுங்கக்கா. உங்க கால்ல விழறேன்."

"பிள்ள மயங்கிக் கிடக்கா. கைய விடு."

பிள்ளை கிண்ணத்தை விடாமல் கால் லிட்டரையும் குடித்தது.

"நாளைக்குப் போடலாம் சார்" என்றார் தராசக்கா.

"இன்னிக்கே கணக்கு மேல போகணும். போடுங்கம்மா."

முள் ஆடி நின்றது. கோட்டைவிட நூறு கிராம் கூடுதல். இன்னும் ஆடும் என்பதுபோல் தராசக்கா காத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா."

"ஏறியிருக்கு." காற்றுப் போன குரல்.

மேற்பார்வையாளர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். சித்தாள் மகளைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"அடுத்த மாசமும் கூட்டிட்டு வா, பாக்கலாம். இப்படிப் பட்டினி போடாத. சாப்பிடக் குடுத்துக் கூட்டிட்டு வா" என்றார் தராசக்கா.

"எதக்கா குடுக்க?"

தராசக்கா அடுத்த பிள்ளையைத் தொட்டிலில் வைத்தார். அன்றிலிருந்து பணி ஓய்வு பெறும்வரை முள் காட்டிய எண்ணை மட்டும் என்னிடம் சொன்னார்.