சருகு இழுக்கும் சீப்பு

சீப்பில் வெங்காயச் சருகு ஏன் ஒட்டுகிறது என்று என்னிடம் வந்து கேட்கிறாயே, அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய பையைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறாய்? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். காரணமெல்லாம் தெரியாது. ஒட்டும், அவ்வளவுதான். ஒட்டிய கதை வேண்டுமானால் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு கேள்.

அனுமந்தன்பட்டியில் அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கி வருவார். அம்மா சின்ன வெங்காயம் உரிக்கும்போது, அப்பா பிளாஸ்டிக் சீப்பைத் தன் பரட்டைத் தலையில் பரபரவென்று தேய்த்துச் சருகுக்கு மேலே பிடிப்பார். சருகெல்லாம் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும்.

"என் தலையில கரண்டு ஓடுது தாயி. நீயும் நல்லாத் தேச்சு மலையப் பாத்துப் பிடி. நான் எங்கன இருந்தாலும் இழுத்துக்கிட்டு வந்துரும்."

"ஆமா, இவுகள இழுக்கச் சீப்புப் பத்தாது, கிரேன்தான் வரணும்" என்பாள் அம்மா.

வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று சொல்லிப் போனவர், அந்தச் சித்திரையில் வரவே இல்லை. ஞாயிறுதோறும் ஜீப்பிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள். மளிகைக்கடை ஒரு ரூபாய் போனில் தோட்டத்துக்கு லைன் கிடைக்கவில்லை. நான் சீப்பை எடுத்தேன். ஒரு சருகுகூட அசையவில்லை. என் தலையில்தான் தேங்காயெண்ணெய் வழிகிறதே! கோளாறு புரிந்துவிட்டது. சீயக்காய் போட்டுக் குளித்த பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே ஓடினேன். காய்ந்த தலையில் தேய்த்துத் தேய்த்து, பின்வாசலில் நின்று மலைக்கு நேரே பிடித்தேன்.

அம்மா துரத்திப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். எங்கள் பக்கம் துட்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டில்தான் அப்படி எண்ணெய் வைக்காமல் இருப்பார்கள்.

"அப்பன் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில தலைய விரிச்சுப் போட்டு அலையுறியே, வீடு வெளங்குமாடி?"

"எண்ணெ வச்சா அப்பாவ இழுக்காதும்மா."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

திருவிழாவும் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் பின்வாசலுக்குப் போனேன். அம்மா தலைக்குக் குளித்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் முடியைக் காயவிட்டு நின்றாள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சீப்பைத் தேய்த்து மலைப் பக்கம் நீட்டினாள். கையை இறக்கவே இல்லை. இழுப்பதற்குத் துணைக்கு ஆள் சேர்ந்துவிட்டது, இனி சீக்கிரம் வந்துவிடுவார் என்று எனக்கு ஒரே குதியாட்டம். அம்மா ஏன் மூக்கை உறிஞ்சினாள் என்று மட்டும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துப் பதறினார்கள்.

"என்ன மதினி, விளக்கு வைக்கிற நேரத்துல இந்தக் கோலம்? மலையில இருந்து எதுவும் சேதி வந்துச்சா?"

அம்மா சட்டென்று உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் சாய்த்து, சீப்பை என் மண்டையில் அழுத்தி வாரினாள்.

"சேதியாவது ஒண்ணாவது! பேனு மதினி, பேனு. இந்தக் கழுத தலையில இருந்து எனக்கும் ஏறிக்கிருச்சு."