நாக்கைக் கவ்விய குழாய்

போன வருஷம் என் பழைய பெட்ரோல் கார் துறைமுகப் பாலத்தில் ஏறமுடியாமல் முக்கியது. பின்னால் உப்பு லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. முத்தையாபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்த அந்த மெலிந்த மெக்கானிக், ஸ்பார்க்கைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து டப்பாவுக்குப் போகும் ஒல்லியான ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"டப்பாக்குள்ள டயாபிரம், அந்த ரப்பர் சவ்வு, கிழிஞ்சிட்டு அண்ணாச்சி. வேகம் எடுக்கையில ஸ்பார்க் முந்தி விழ மாட்டேங்கு, அதான் இழுவை இல்ல."

"நான் டீ குடிக்கப் போகும்போதே கிழிஞ்சிருந்ததா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குழாயை லுங்கியில் துடைத்து நீட்டினார். உறிஞ்சினேன். கிழிசல் வழியாகக் காற்று தாராளமாக வந்தது.

புது டப்பாவை மாட்டி, மறுபடி நீட்டினார். "உறிஞ்சிட்டு நாக்கால அடைச்சுப் பிடிங்க."

இப்போது காற்று கசியவில்லை; குழாய் நுனி நாக்கைக் கவ்வியது.

"இப்பமாவது நம்புதியளா?"

நாக்கு இன்னும் குழாயில் மாட்டியிருந்தது. அவர் பதிலுக்கு நிற்காமல் பானட்டை மூடத் தயாரானார்.

இப்போதெல்லாம் உப்பு லாரிகளை முந்திக்கொண்டுதான் பாலம் ஏறுகிறேன். ஏறும்போதெல்லாம் நான் டீ குடித்த அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்றுதான் யோசனை ஓடுகிறது.