கோட்டு முந்திப் புறப்பட்டது

வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்கப் போகிற பெண்ணாக இருப்பது ஒரு முழுநேர உத்தியோகம், லீவே கிடையாது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

நாக்கு

அயர்லாந்தில் இடம் கிடைத்த செய்தி எங்கள் பெங்களூர் அல்சூரில் பரவிய அன்றே, பக்கத்து வீட்டு ரங்கம்மா அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டினார். வாய் கசக்கிறதாம். நான் படித்திருப்பது இன்டர்மீடியட். தவளையைத் தவிர எதையும் அறுத்ததில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, இனிமேத்தான் படிக்கணும்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணும் தெரியாதவளையா கப்பல் ஏறி வான்னு கூப்பிடறாங்க?"

கடைசிப் படி

நான் சேரப்போகிற அதே காலேஜில் படித்து, அங்கேயே ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் சேகர் அத்தான் லீவில் வந்திருந்தார். நான் எப்போது டாக்டர் ஆவேன் என்று குடைந்தேன். மறுபடி கெமிஸ்ட்ரி, அப்புறம் பிணம் அறுப்பது, வார்டு, பரீட்சை, கோட்டைவிட்டால் மறுபரீட்சை, அதற்கும் மேலே ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் ஓடுவது என்று அடுக்கினார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அவரோ நாற்காலியிலேயே தூங்கிப்போனார். விடுவேனா? உலுக்கினேன். "அதெல்லாம் முடிஞ்சா டாக்டர்தானே?"

"டாக்டர்தான். ஆனா நர்சு உன்னை நம்பணுமே" என்றார், கண்ணைத் திறக்காமலே.

சிவாஜிநகர் தையல்

குளிருக்குக் கம்பளிக் கோட்டு தைத்த பாய், அதை எனக்கு இரண்டு சுற்று பெரிதாகத் தைத்திருந்தார். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வைக்க உள்ளே ஒரு திருட்டுப் பை வேறு. அது அருமை. ஆனால் என்ன பாய் இது, கூடாரம் மாதிரி?

"டாக்டருங்க எல்லாம் உடம்பு போட்டுடுவாங்க பாப்பா. இப்பவே எடம் விட்டுட்டேன்!"

ராகு காலம்

பம்பாய் ரயில் சரியாக ராகு காலத்தில்தான் புறப்படுகிறது. அம்மா சும்மா இருப்பாரா? முதல் நாளே நல்ல நேரம் பார்த்து என் கோட்டைக் கொண்டுபோய் ரங்கம்மா அக்கா வீட்டில் வைத்துவிட்டார். சாமான் ஒன்று வாசல் தாண்டிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்ட மாதிரியாம். திருட்டுப் பையில் பாஸ்போர்ட்டும் சேர்ந்து பயணம் போனது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் ஜட்கா வண்டி வாசலில் நிற்கிறது. ரங்கம்மா அக்கா வீட்டிலோ பூட்டு! மார்க்கெட் போயிருக்கிறார். ரயிலை விட்டால் கப்பல் போச்சு. கப்பலை விட்டால் காலேஜில் என் இடம் போச்சு. பூட்டை உடைக்கப் போனேன். கிளம்புகிற நேரத்தில் பூட்டு உடைத்தால் அபசகுனம் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். ஓடு பிரிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே! ஏறினேன், பிரித்தேன், அடுப்படியில் குதித்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் கரியாக மறுபடி கூரை வழியே தலையை நீட்டினால், கீழே ரங்கம்மா அக்கா காய்கறிப் பையோடு நின்று, கன்னடத்தில் கடவுளைக் கூப்பிடுகிறார்.

"அய்யோ தேவரே, இரு இரு! போறதுக்கு முன்னாடி இந்த நாக்கை ஒரு தடவை பார்த்துட்டுப் போ!"

நர்சு என்னை நம்புவதற்கு இன்னும் எத்தனை வருஷமோ, கப்பல் ஏடன் துறைமுகத்தை நெருங்குகிற இந்த நிமிஷம் வரை நான் அறுத்தது ஒரு தவளையும் ஒரு கூரையும்தான்.