கேள்வி கேட்க முடியாத மந்திரி

எனக்கு அம்மை போட்டிருந்த அந்த மார்ச் மாதத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நாடாளுமன்றத்தைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு பாயில் கிடந்த நான் கார்ட்டூன் கேட்டு அழுதேன். அம்மா ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அழுதால் கொப்புளம் பெரிதாகும் என்று சொல்லி என்னை அடக்கிவிட்டாள். அப்போது நான் நான்காம் வகுப்பு.

அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா வளைகுடா நாடு ஒன்றில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லப்பைக்குடிக்காட்டில் இது ஒன்றும் புதுமை இல்லை. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அத்தா என்றால் போனுக்குள் இருப்பவர்தான். ஆனால் அந்த வருஷம் எங்கள் அத்தாவின் கம்பெனி திடீரென்று மூடிவிட்டது. முதலாளி எந்த ஊருக்குப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவனிடம் இருந்தன. ஆட்கள் ஊருக்கு வெளியே ஒரு முகாமில் கிடந்தார்கள். பிறகு முகாமில் கரண்டும் போய்விட்டது. தினமும் பொழுது சாய்ந்து மகரிப் தொழுகை முடிந்ததும் வந்துகொண்டிருந்த போன், மூன்று நாளைக்கு ஒருமுறை, யாருடைய எண்ணிலிருந்தோ வரத் தொடங்கியது. அம்மா எடுத்ததும் கேட்பது "சாப்டீங்களா" என்றுதான். அந்தப் பக்கம் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த நேரத்தில் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் தொகுதி எம்.பி.யின் கட்சிக்காரர். தேர்தல் சமயத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் போனவர். அவர்தான் அம்மாவைப் பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் எம்.பி.யிடம் பேச வைத்தார். எம்.பி. உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். நடக்கிற கூட்டத்தொடரிலேயே பூஜ்ய நேரத்தில் எழுந்து இதைப் பேசுகிறேன், நீங்கள் டிவியில் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்த அன்றைக்கு அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

பூஜ்ய நேரம் என்பது என்னவென்று எனக்குப் புரியவில்லை. எங்கள் சுவர்க் கடிகாரத்தில் பூஜ்யமே கிடையாது. மாமாவைக் கேட்டேன். மத்தியானம் பன்னிரண்டு மணி என்றார். பன்னிரண்டை ஏன் பூஜ்யம் என்கிறார்கள் என்று கேட்டதற்கு, டெல்லியில் அப்படித்தான் என்று முடித்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். டிவியில் பேசுவது இந்தியும் இங்கிலீஷும். எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. எம்.பி.யின் முகத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. பின்வரிசையில், வெள்ளைச் சட்டையில், கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேமரா அந்தப் பக்கம் போனதும் நான் கத்துவேன். அம்மா சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள், அவர் எங்களைப் பார்த்துவிடுவார் என்பதுபோல.

முதல் நாள் அவர் எழவில்லை. இரண்டாம் நாள் எல்லோரும் நடுவில் போய் நின்று கத்தினார்கள். சபைத் தலைவர் எழுந்து ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார், திரை வெறும் நாற்காலிகளைக் காட்டியது. மறுநாளும் கத்தல். கத்தல் தொடங்கினால் அம்மா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவாள். "பேச வுடுங்களேன்" என்று பெட்டியைப் பார்த்து மெதுவாகச் சொல்வாள். அன்று சாயங்காலம் அத்தாவின் போன் வந்தபோது அவரும் அதைத்தான் கேட்டார்: பேசினாரா? முகாமில் சார்ஜ் இருக்கிற ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து அவர்களும் பார்க்கிறார்களாம். எங்களுக்குத் தெரிந்த அதே வெறும் நாற்காலிகள் அங்கேயும் தெரிந்திருக்கின்றன.

என் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அவர் எழுந்து பேசவே இல்லை. அவருக்கு வாய்ப்பு வரவில்லை, அடுத்த தொடரில் கண்டிப்பாகப் பேசுவார் என்றார் மாமா. அம்மா நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

அடுத்த தொடருக்கு முன்பே ஊரில் வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் எம்.பி. மத்திய மந்திரி ஆகிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் ஆயிரம்வாலா கொளுத்தினார்கள். மாமா லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு ஓடிவந்தார். நான் இரண்டு லட்டு தின்றேன். மந்திரியே ஆகிவிட்டாரென்றால் அத்தா நாளைக்கே வந்துவிடுவார் என்று எனக்குச் சந்தோஷம். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: இனி பூஜ்ய நேரத்தில் எப்போது பேசுவார்?

மாமா கையிலிருந்த லட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

"மந்திரி ஆயிட்டா சபையில அப்படி எந்திரிச்சுக் கேக்க முடியாதுக்கா. அவருதானே இப்ப அரசாங்கம். தன்னையே தானே எப்படிக் கேப்பாரு?"

அம்மா உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

மந்திரிக்குப் பெரம்பலூரில் வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். வர வேண்டாம் என்று மாமா சொல்லியும் அம்மா புர்காவை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்ல கூட்டம். மந்திரி கொஞ்சம் பருத்திருந்தார். அரியலூர் சாலையில் பெரிய தையல் தொழிற்சாலை வரப்போவதாக அறிவித்தார். பெண்களுக்குத்தான் வேலை, ஊர் ஊருக்கு வேன் வரும், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு லாரியும் மட்டுமே நம் தலையெழுத்து இல்லை என்றார். இனி இந்த மண்ணின் பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது பந்தலே அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அம்மா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் சால்வையோடு வரிசையில் நின்றார்கள். மாமாவின் பின்னால் அம்மா போய் நின்றுகொண்டாள். இரண்டு பக்கமும் போலீஸ். மாமா சால்வை போட்டு முடித்ததும் அம்மா முன்னால் வந்து ஸலாம் சொன்னாள். மந்திரிக்கு அவளை ஞாபகம் இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் முகம் மாறியது.

"நான் இப்ப கேள்வி கேக்குற எடத்துல இல்லம்மா. பதில் சொல்ற எடத்துல இருக்கேன்" என்றார்.

"சரிங்க. அப்ப பதிலச் சொல்லுங்க."

அம்மா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. தெருவில் காய்க்காரரிடம் விலை கேட்கிற குரல்தான். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மந்திரி பக்கத்திலிருந்த உதவியாளரைப் பார்த்தார். அந்த மனிதர் தரையைப் பார்த்தார். மாமா கைகூப்பி, அக்காவுக்கு மனசு சரியில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். மந்திரி கையைக் காட்டி மாமாவை நிறுத்தினார். எந்த நாடு, எந்த இடம் என்று மறுபடியும் கேட்டார். அம்மா சொன்னாள். வாய் தவறாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். போலீஸ் வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடும், பெரம்பலூரிலிருந்து எங்கள் ஊர் பஸ்ஸை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்ற பயத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மந்திரி சொன்னதும் வரிசை எங்களைத் தள்ளிவிட்டது.

திரும்பும்போது மாமா பஸ்ஸில் எங்களோடு உட்காரவில்லை. முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு போன் வராத நாட்கள் நீண்டன. மந்திரியிடம் அம்மா இப்படிப் பேசியதால்தான் அத்தாவை விடமாட்டேன் என்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா தொழுகைப் பாயில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போது, மன்னிப்புக் கேட்கிறாளாக்கும் என்று எண்ணுவேன்.

ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு ஒருநாள் அத்தா வந்துவிட்டார். விசா முடிந்தும் தங்கியிருந்தவர்களுக்கு அந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்திருந்தார்கள், அதில் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். மந்திரி தலையிட்டார் என்று மாமா பஸ் நிறுத்தத்தில் பேனர் வைத்தார். அத்தாவைக் கேட்டால், தூதரகத்திலிருந்து ஒரு அதிகாரி ஒரே ஒருமுறை முகாமுக்கு வந்து பெரம்பலூர்க்காரர் யார் என்று விசாரித்ததாகச் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. அத்தாவின் சட்டைகளைப் பிடித்துச் சுருக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் இளைத்ததில் சட்டையின் தோள்கள் அவ்வளவு இறங்கியிருந்தன.

சில மாதம் அத்தா வீட்டில் இருந்தார். போனுக்குள் இருந்தவர் இப்படி நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகக் கொஞ்சம் காலம் பிடித்தது. பிறகு ஒரு ஏஜெண்டு வரத் தொடங்கினார். இந்த முறை வேறு நாடு, நல்ல கம்பெனி என்றார். அத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரியலூர் சாலையில் தொழிற்சாலை கட்டி முடித்தார்கள். வேன் எங்கள் தெரு முனைக்கு வந்த முதல் வாரமே அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு போய் ஏறிக்கொண்டாள். எங்கள் தெருவிலிருந்து அப்படி வேலைக்குப் போன முதல் பொம்பளை அவள்தான். அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, வீட்டுக்கு வந்து அத்தாவிடம் குரலை உயர்த்திப் பேசினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாகவும் இருந்தது. சாயங்காலம் அம்மா வந்து கால் கழுவும்போது, நமக்காக ஒரு வார்த்தை பேசாத அந்த மந்திரி கொண்டுவந்த கம்பெனிக்கா போகிறாய் என்று கேட்டேவிட்டேன்.

அம்மா கால்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எவரு கொண்டாந்தா என்ன. ஏஜெண்ட இனிமே வர வேணாம்னு சொல்லியாச்சு. உங்க அத்தா இனி பிளேன் ஏறக் கூடாது."

கூடத்தில் அத்தா தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவுக்கு விமானம் என்றால் இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிளேன் எல்லாம் விழாதும்மா, எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.